கேளுங்கள், சொல்கிறேன்: வோஷிங் மெஷினுக்கு அடியில் தண்ணீர்

கேள்வி: எங்களுடையது டொப் லோட் மெஷின், 7 கிலோ. வாங்கி 6 வருடம். கொஞ்ச நாளாக உடுப்புத் தோய்க்கும்போது அடியில் தண்ணீர் தேங்குகிறது. நாங்கள் தொடர்மாடியில் மூன்றாம் மாடி. தன் வீட்டுச் சீலிங் ஈரமாக இருக்கிறது என்று கீழ்வீட்டு அக்கா வந்து சொல்லிவிட்டுப் போனார். பார்க்க வந்தவர் மெஷினைத் திறக்காமலே கியர் பொக்ஸ் போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்கிறார். வீட்டிலேயே திருத்தலாமா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: திறந்தே பாராமல் கியர் பொக்ஸ் என்று சொல்கிறவரை நம்பி, தங்கச்சி, புது மெஷினுக்கு ஓடாதீர்கள். எங்கே ஒழுகுகிறது என்று தேட முன்னர், எப்போது ஒழுகுகிறது என்று பாருங்கள்.

உடுப்பு வேண்டாம், சவர்க்காரத் தூளும் வேண்டாம். மெஷினைச் சுவரிலிருந்து கொஞ்சம் இழுத்து, கீழே பழைய பேப்பரை விரியுங்கள். வெள்ளை உடுப்புக்குப் போடும் நீலத்தைக் கரைத்துத் தொட்டிக்குள் ஊற்றி, வெறும் தண்ணீரில் ஓட விடுங்கள். பேப்பரில் விழுவது தெளிந்த தண்ணீர் என்றால், தொட்டிக்குப் போக முன்னரே எங்கோ கசிகிறது. நீலமாக விழுந்தால் தொட்டி, அதற்குக் கீழுள்ள ஹோஸ், தொட்டியைச் சுழற்றும் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் இவற்றில் ஒன்று. ஒரு சொட்டும் விழவில்லையா? அப்படியென்றால் தூளைக் குறைத்துப் பாருங்கள். கையால் தோய்க்கிற தூளை அள்ளிப் போட்டால் நுரை பொங்கி வெளியே வழியும். அதற்கு ஸ்குரூ ட்ரைவரே தேவையில்லை.

தெளிந்த தண்ணீர்தான் என்றால் முதலில், மெஷினுக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஹோஸ் பைப்போடு சேரும் இடத்தைப் பாருங்கள். பல மெஷின்களில் அந்த முனையைச் சுற்றி 4 சின்ன ஸ்குரூ இருக்கும். ஒரு பக்கம் மட்டும் இறுகியிருந்தால் மறுபக்கம் கசியும். எல்லாவற்றையும் தளர்த்தி, நேராகப் பிடித்து, எதிரெதிர் ஸ்குரூவாக மாறி மாறி இறுக்குங்கள். மெஷின் பக்க முனையில் உள்ளே ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். அது தட்டையாகிப் போயிருந்தால் மாற்றிவிடுங்கள். அங்கே தண்ணீரை நிறுத்துவது வாஷர்தான், மரையில் எத்தனை சுற்று டேப் சுற்றினாலும் பிரயோசனமில்லை. கையால் இறுக்கினால் போதும், குறடு போட்டு நெரித்தால் பிளாஸ்டிக் மரை வெடிக்கும். வாஷர் வாங்கப் புறக்கோட்டைக்குப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். பெயர் சொல்லிக் கேட்டால் கிட்டத்தட்ட அதே போன்ற வேறொன்றைத் தந்துவிடுவார்கள்.

நீலத் தண்ணீர் என்றால் உள்ளே பார்க்க வேண்டும். பைப்பைப் பூட்டி, தொட்டியை வெறுமையாக்கி, பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். சுவிட்சை நிறுத்தியது மட்டும் போதாது, இது 230 வோல்ட். மோட்டருக்குப் பக்கத்திலுள்ள கெப்பாசிட்டரைத் தொடவே வேண்டாம், பிளக்கைக் கழற்றிய பிறகும் அதில் மின்சாரம் நிற்கலாம். பின்பக்கத் தகட்டைக் கழற்றி டோர்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளவத்தைக் கடற்காற்றில் இரும்பு எதுவும் தப்பாது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தொட்டிக்குக் கீழே ஹோஸைப் பிடித்திருக்கும் கிளிப் துருப்பிடித்துத் தளர்ந்திருக்கும். என் சந்தேகம் முதலில் அதில்தான். துருப்பிடிக்காத எவர்சில்வர் கிளிப் ஒன்று போடுங்கள். ஹோஸ் வெடித்திருந்தால் ஹோஸையே மாற்றுங்கள். சிலிக்கன் பூசுவது வீண்வேலை, ஆடுகிற ஹோஸில் அது நிற்காது.

தொட்டியின் நடுவில், தண்டுக்குப் பக்கத்திலிருந்து சொட்டி, பிழியும்போது மெஷின் லொறி போல இரைந்தால் சீலும் பெயரிங்கும் போய்விட்டன. அது வீட்டு வேலையில்லை, ஆளைக் கூப்பிடுங்கள். ட்ரிப் சுவிட்ச் விழுந்தாலும் அப்படித்தான். மறுபடி மறுபடி தூக்கிவிட்டுப் பார்க்க வேண்டாம்.

ஒன்று மறந்துவிட்டேன். தண்ணீரை வெளியே விடும் நேரத்தில் மட்டும் தரை நனைந்தால், மெஷினைத் திறக்க முன்னர் குளியலறைக் கானைப் பாருங்கள். தலைமயிர் அடைத்திருந்தால் விட்ட தண்ணீர் திரும்பி வரும். கீழ்வீட்டுச் சீலிங்கை நனைப்பது அந்தக் கானாகவும் இருக்கலாம். அக்காவிடம் எந்த இடத்தில் ஈரம் என்று கேட்டு வையுங்கள்.

கேள்வி: எங்கள் மெஷினில் ஒழுக்கு இல்லை. ஆனால் தோய்க்கும்போது தண்ணீர் மட்டம் குறைகிறது, மெஷின் திரும்பத் திரும்ப நிரப்புகிறது. ஏன்?
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: தண்ணீரை வெளியே விடும் ஹோஸின் முனையைப் பாருங்கள், தோய்க்கிற நேரத்திலேயே அதில் மெல்லிய ஓட்டம் இருக்கும். வெளியே விடும் வால்வு முழுதாக மூடவில்லை. சட்டைப் பையிலிருந்து விழுந்த சில்லறை, ஊசி, பொத்தான் ஏதோ ஒன்று நடுவில் சிக்கியிருக்கும். தண்ணீரை இறக்கிவிட்டு, பிளக்கைக் கழற்றி, வால்வின் மூடியைத் திருகினால் உள்ளிருக்கும் ரப்பர் வெளியே வரும். கழுவிப் போடுங்கள். ரப்பர் கிழிந்திருந்தால் மட்டும் புதிது வாங்குங்கள்.