ஆன்மிகப் பராமரிப்பு கிடைத்தால் முதியவர்கள் தங்கள் உடல்நலத்தை வேறு விதமாக உணர்வார்களா?

பலர் உணர்கிறார்கள், நோய் குறைவதால் அல்ல. ஆன்மிகப் பராமரிப்பு என்பது ஒருவரின் நம்பிக்கைக்கும் மன அமைதிக்கும் துணையிருப்பது. "உங்கள் உடல்நலம் எப்படி இருக்கிறது?" என்ற ஒரே கேள்விக்கு மக்கள் தரும் பதில் அவர்களுடைய ஆயுளைப் பற்றியும் முன்கூட்டியே உணர்த்துகிறது என்பதை, 27 ஆய்வுகளைத் தொகுத்த 1997-ஆம் ஆண்டு மதிப்பாய்வு ஒன்று காட்டியது. முதியவரின் பதிலில் சர்க்கரை அளவோடு தனிமையும் குற்றவுணர்வும் மரணபயமும் கலந்திருக்கின்றன. 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸ் என்ற, இறுதிக்கால நோயாளிகளுக்கான பராமரிப்பு இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், உடல், மனம், உறவு, ஆன்மிகம் நான்கும் பின்னிய இந்த வேதனையை 'முழு வலி' என்றார். மூட்டுவலியால் கோயிலுக்குப் போக முடியாத பாட்டிக்குக் கட்டிலிலிருந்தே தெரியும்படி விளக்கை இடம் மாற்றி வைத்து, அருகில் அமர்ந்து அவர் பேச்சைப் பொறுமையாகக் கேட்டால், வலி அப்படியே இருந்தும் "இன்னைக்குப் பரவாயில்லை" என்று அவர் சொல்லக்கூடும். மாத்திரையை நிறுத்த இது காரணமாகாது. நம்பிக்கையைத் திணிப்பதும் கூடாது. கடவுள் மறுப்பாளருக்கு இதே பராமரிப்பு, பழைய நண்பரோடு ஒரு மணி நேரப் பேச்சாக அமையலாம்.