தகவல் பாதுகாப்புப் படிப்பு: மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊரில் கேள்வி பதில்

தோட்டத்துத் தாய் ஒருவர்: பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்த மகள் தகவல் பாதுகாப்பு படிக்க விரும்புகிறாள். கணிதம் சுமார்தான். படிக்கலாமா?

படிக்கட்டும், அம்மா. சம்பளப் பதிவேட்டை உரியவரைத் தவிர வேறெவரும் பார்க்கக் கூடாது. அதிலுள்ள செம்பனைக் குலைகளின் எடையை எவரும் திருட்டுத்தனமாகத் திருத்தக் கூடாது. சம்பள நாளன்று அது திறக்காமல் போகவும் கூடாது. இம்மூன்றையும் காப்பதே இத்துறை. முதலாவதை மட்டும் பாதுகாப்பு என எண்ணுவோரே மிகுதி. தகவல் பாதுகாப்புக்கென நிறுவனங்கள் பின்பற்றும் ஐ.எஸ்.ஓ. 27001 என்ற பன்னாட்டுத் தரநிலையின் 2022ஆம் ஆண்டுப் பதிப்பிலுள்ள 93 கட்டுப்பாடுகளில் தொழில்நுட்பம் சார்ந்தவை 34 மட்டுமே. எஞ்சியவை நிர்வாக விதிகளையும் பணியாளரையும் கட்டடப் பாதுகாப்பையும் பற்றியவை. பட்டப்படிப்பில் கணிதப் பாடங்களைத் தவிர்க்க முடியாது. ஆனால் தணிக்கையிலும் இடர் மதிப்பீட்டிலும் பொறுமையும் தெளிவாக எழுதும் திறனுமே அவளை உயர்த்தும். மலாக்காவிலுள்ள யூ.டி.இ.எம். தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கணினிப் பாதுகாப்புக்கெனவே இளங்கலைப் பட்டம் உண்டு.

மாணவர்: பட்டம் பெற்றதும் சி.ஐ.எஸ்.எஸ்.பி. என்ற தகவல் பாதுகாப்பு வல்லுநர் சான்றிதழ் பெறலாமா?

ஐந்தாண்டுப் பணி அனுபவம் வேண்டும். பட்டம் இருந்தால் அதில் ஓராண்டு குறையும்.

அலுவலகக் கிராணி (எழுத்தர்): 90 நாளுக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றச் சொல்கிறார்கள். தேவையா?

தேவையில்லை. கசிந்ததற்கு அறிகுறி இருந்தாலன்றி மாற்றக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017இலேயே வழிகாட்டியது. கட்டாயப்படுத்தினால் மக்கள் பழைய சொல்லின் ஈற்றில் ஓர் எண்ணைக் கூட்டுகிறார்கள், அவ்வளவே.

ஓய்வுபெற்ற கிராணி: ஏற்க மாட்டேன். எங்கள் அலுவலகத்தில் ஒரே கணக்கை மூவர் பயன்படுத்தினோம். வேலையை விட்டுச் சென்றவர் மாதக்கணக்கில் உள்ளே நுழைந்துகொண்டிருந்தார். மாற்றிய பிறகே நின்றது.

ஐயா, நீங்கள் கூறும் சம்பவமே என் வாதத்துக்குச் சான்று. 90 நாள் விதி இருந்தாலும் அவருக்கு மூன்று மாதம் வரை வாய்ப்பு இருந்திருக்குமே! கடவுச்சொல்லைப் பகிராதீர்கள். ஆளுக்கொரு கணக்குக் கொடுத்து, விலகும் நாளன்றே அதை மூடுங்கள். அதுவரை, எவர் விலகினாலும் அன்றே மாற்ற வேண்டும் என்ற அளவில் உங்கள் கருத்தை ஏற்கிறேன்.

கூட்டுறவுக் கடைச் செயலாளர்: உறுப்பினர் விவரங்கள் கசிந்தால்?

கடும் பாதிப்பு நேரக்கூடுமெனில், 2025 ஜூன் 1 முதல், 72 மணி நேரத்துக்குள் மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கு அறிவிக்க வேண்டும். விவரங்கள் எங்கெங்கு உள்ளன என்ற பட்டியலை இன்றே எழுதுங்கள். அஃதில்லாமல் எது கசிந்தது என்றே கூற முடியாது.

இன்னொருவர்: எந்த வைரஸ் தடுப்பு மென்பொருளை வாங்கலாம்?

இதே கேள்வியை இன்று மூவர் கேட்டுவிட்டீர்கள். முதலில் கடவுச்சொல்லைப் பகிர்வதை நிறுத்துங்கள்.

மற்றொருவர்: மோசடியில் பணம் போய்விட்டது.

இங்கே காத்திருக்க வேண்டாம். உடனே தேசிய மோசடி உதவி மையத்தின் 997 எண்ணை அழையுங்கள்.