யூஎஸ்பி ஃபில்டர் மாட்டினா சவுண்டு மாறுமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: லேப்டாப்ல இருந்து யூஎஸ்பி வழியா ஒரு டேக் (DAC, டிஜிட்டல் எண்கள பாட்டு சிக்னலா மாத்தற பெட்டி), அங்கருந்து ஆம்ப், அப்புறம் ரெண்டு ஸ்பீக்கர், இதான் என் செட்டப். பாட்டு ஓடாதப்ப மெல்லிசா ஒரு ஹம் இருக்கு, மவுஸ் நகத்தினா கிர்ர்னு ஒரு சத்தமும் வருது. நண்பர் ஒருத்தர் ஆடியோக்வெஸ்ட் ஜிட்டர்பக் மாதிரி ஒரு யூஎஸ்பி ஃபில்டர், அதாவது யூஎஸ்பில சொருகி இரைச்சல வடிகட்டற குட்டி சாதனம், வாங்கி மாட்டச் சொல்றாரு, குரல் தெளிவாயிடும், பேஸ் இறுக்கமா வரும்ங்கறாரு. வாங்கலாமா?
- வாசகர், திருச்சி

பதில்: அவசரப்படாதீங்க. உங்க ஹம் நிஜம், அதுக்கு வைத்தியமும் இருக்கு, ஆனா அது அந்த ஃபில்டர் இல்ல. நண்பர் சொல்ற 'தெளிவு' வேற கதை, அதுக்கு அப்புறம் வர்றேன்.

முதல்ல ஹம். உங்க லேப்டாப் மெட்டல் பாடியா இருந்தா, சார்ஜர் போட்டிருக்கும்போது விரல் நுனியால லேசா தடவிப் பாருங்க, சுருசுருன்னு ஒரு உணர்வு வருதா? ரெண்டு பின் சார்ஜர்ல இது சகஜம், உள்ள இருக்கற ஒரு சின்ன கெபாசிட்டர் வழியா 230 வோல்ட் பக்கத்துல இருந்து ரொம்பக் கொஞ்சமா கரண்ட் கசியும். அந்தக் கரண்ட் எங்கயாவது எர்த்துக்குப் போயாகணும் இல்லையா, உங்க வீட்டுல அது யூஎஸ்பி கேபிளோட கிரவுண்ட் கம்பி வழியா டேக்குக்குப் போயி, அங்கருந்து ஆர்சிஏ கேபிள் (டேக்கையும் ஆம்பையும் இணைக்கற ஆடியோ ஒயர்) வழியா ஆம்புக்குப் போயி, ஆம்போட மூணு பின் ப்ளக் வழியா எர்த்துக்கு இறங்குது. போற வழியில பாட்டு சிக்னலோட கிரவுண்டையும் தொட்டுட்டுப் போறதால அதுவும் சவுண்டா வெளிய வந்துடுது. மவுஸ் நகத்தினா வர்ற கிர்ர் சத்தமும் இதே பாதைதான், பிராசசர் வேலை செய்யறப்ப கிரவுண்ட்ல ஏறி இறங்கற இரைச்சல் அது.

கண்டுபிடிக்கறதுக்கு காசே வேண்டாம். ஆம்ப் ஆன்ல இருக்கும்போதே சார்ஜரப் பிடுங்கிட்டு பேட்டரில ஓட்டுங்க, ஹம் நின்னுடுச்சுன்னா குற்றவாளி சிக்கிட்டான். நிக்கலன்னா யூஎஸ்பி கேபிளையும் கழட்டுங்க, அப்பவும் ஹம் இருந்தா பிரச்சினை கம்ப்யூட்டர்ல இல்ல, ஆம்புலயோ, இல்ல ஆம்புல செட்டாப் பாக்ஸ் மாட்டியிருந்தீங்கன்னா அந்த கேபிள் டிவி ஒயர்லயோ இருக்கும், அது தெருவுல இருந்து வேற ஒரு எர்த்த வீட்டுக்குள்ள கொண்டு வந்து விட்டுடும், நிறைய பேர் இதை யோசிக்கறதே இல்ல.

சரி, சார்ஜர்தான்னு தெரிஞ்சாச்சு. லேப்டாப், டேக், ஆம்ப் எல்லாத்தையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல மாட்டிப் பாருங்க, இதுலயே சில வீட்டுல பாதி குறைஞ்சிடும். அப்பவும் இருந்தா, டேக்ல ஆப்டிகல் இன்புட் இருக்கா, கம்ப்யூட்டர்ல ஆப்டிகல் அவுட் இருக்கான்னு பாருங்க. 1983ல தோஷிபா கொண்டுவந்த டாஸ்லிங்க்தான் அது, ஃபைபர்ல வெளிச்சம்தான் போகும், கரண்ட் போக வழியே கிடையாது, ஹம்முக்கு இதைவிட சுத்தமான தீர்வு இல்ல. லேப்டாப்ல இப்பல்லாம் அது வர்றதில்லங்கறதால, உங்களுக்கு யூஎஸ்பி ஐசோலேட்டர்தான் சரிப்படும். ஃபில்டர் வேற, ஐசோலேட்டர் வேற. ஜிட்டர்பக் மாதிரி பாசிவ் ஃபில்டர்ல கிரவுண்ட் கம்பி இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கத்துக்கு நேரா போகுது, அப்ப கசியற கரண்டும் நேரா போகத்தான் செய்யும். ஐசோலேட்டர்ல அந்தத் தொடர்பையே அறுத்துட்டு டேட்டாவ மட்டும் தாண்ட விடுவாங்க. ஒண்ணே ஒண்ணு கவனிங்க, விலை கம்மியா கிடைக்கற ஐசோலேட்டர்ல பெரும்பாலும் ஏடியூஎம்4160னு ஒரு சிப் இருக்கும், அது 12 மெகாபிட் வேகம் வரைக்கும்தான் போகும். 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸ் பாட்டுக்கே 4.6 மெகாபிட்தான் வேணும்ங்கறதால பாட்டுக்கு அது தாராளம், ஆனா 480 மெகாபிட் வேகத்துல மட்டும்தான் ஓடுவேன்னு அடம்பிடிக்கற டேக் சிலது அதுல வேலையே செய்யாது. மாத்திக் குடுக்கற கடையில வாங்குங்க.

இன்னொரு வழி, டேக்குக்கும் ஆம்புக்கும் நடுவுல போடற கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். உள்ள குட்டியா ரெண்டு டிரான்ஸ்ஃபார்மர், ஹம்ம நிறுத்திடும், ஆனா கோர் சின்னதா இருக்கறதால சத்தமா வெச்சா அடி பேஸ் கலங்கும். தவில், பேஸ் கிட்டார் எல்லாம் ரசிச்சுக் கேக்கறவருக்கு நான் இதை சொல்லமாட்டேன்.

ஒண்ணு மட்டும் செஞ்சுடாதீங்க. ஆம்ப் ப்ளக்ல எர்த் பின்ன உடைச்சுடு, இல்ல ரெண்டு பின் கன்வெர்ட்டர் போடு, ஹம் போயிடும்னு சொல்ல ஆள் இருக்காங்க. ஹம் போகும், உண்மை. ஆனா ஆம்புக்குள்ள ஒரு ஒயர் கழண்டு பாடியத் தொட்டா, தொடறவங்க உயிர் போகும். வீட்டுல குழந்தைங்க இருப்பாங்க, தயவுசெஞ்சு வேண்டாம்.

இப்ப அந்தத் 'தெளிவு'. யூஎஸ்பில போறது எண்கள், ஒவ்வொரு பாக்கெட்டோடயும் சரிபார்க்க ஒரு கோடும் சேர்ந்தே போகும். ஆடியோல ஒரு பாக்கெட் கெட்டுப்போனா கம்ப்யூட்டர் அதை மறுபடி அனுப்பாது, நேரம் தாண்டிடும், அதனால கெட்டா டிக்னு ஒரு சத்தம் வரும், இல்ல ஒரு கணம் சத்தம் விட்டுப்போகும். குரல் கொஞ்சம் மங்கலா, பேஸ் கொஞ்சம் தொளதொளன்னு, இப்படியெல்லாம் எண்கள் கெட்டுப்போறதில்ல. ஜிட்டர்ங்கற நேரத் தடுமாற்றத்தையும் காரணமா சொல்லுவாங்க, பழைய அடாப்டிவ் வகை டேக்ல கம்ப்யூட்டரோட தாளத்துக்கு டேக் ஓடவேண்டியிருந்துச்சு, அப்ப அந்தப் பேச்சுல நியாயம் இருந்துச்சு. இப்ப வர்ற டேக் பெரும்பாலும் அசின்க்ரோனஸ், தாளம் போடற கிளாக் டேக்குக்குள்ளயே இருக்கு, எப்ப எவ்வளவு டேட்டா வேணும்னு டேக்தான் கம்ப்யூட்டர்கிட்ட கேட்டு வாங்குது.

அப்ப நண்பர் பொய் சொல்றாரான்னு கேக்காதீங்க, அவருக்கு நிஜமாவே அப்படித்தான் கேட்டிருக்கும். காசு குடுத்து வாங்கினத மாட்டிட்டு உக்காந்தா காது கூர்மையாயிடும், யாருக்கும் அப்படித்தான். அவர்கிட்ட இருக்கறத ரெண்டு நாள் இரவல் வாங்குங்க. வீட்டுல ஒருத்தர உங்களுக்குத் தெரியாம மாட்டவும் கழட்டவும் சொல்லுங்க, காசு சுண்டி பூவா தலையா பாத்து முடிவு பண்ணட்டும், வால்யூமத் தொடாதீங்க, ஒரே பாட்டுல அதே 30 நொடி. பத்துல ஒம்போதாவது சரியா சொன்னீங்கன்னா வாங்கிக்கங்க, குருட்டாம்போக்குல அவ்வளவு வர நூத்துல ஒரு வாய்ப்புதான். அஞ்சு ஆறுன்னா அந்தக் காச வெச்சு ஸ்பீக்கருக்கு ஒரு ஜோடி ஸ்டாண்டு வாங்கி, சுவத்துல இருந்து ஒரு அடி தள்ளி வெச்சுக் கேளுங்க, அந்த வித்தியாசம் பக்கத்து ரூம்ல இருக்கறவங்களுக்கே தெரியும்.

கேள்வி: தங்க முலாம் போட்ட யூஎஸ்பி கேபிள் பல ஆயிரம் ரூபாய்க்கு விக்கிறாங்களே, அதுல பாட்டு நல்லா வருமா?
- வாசகி, மதுரை

பதில்: வராதுங்க. யூஎஸ்பி 2.0க்கு அஞ்சு மீட்டருக்குள்ள, ஷீல்டு ஒழுங்கா இருக்கற, ப்ளக் லூசா ஆடாத எந்தக் கேபிளும் போதும். பிரிண்டரோட வந்த கேபிள் அலமாரில கிடந்தா அதையே மாட்டிப் பாருங்க. தங்கம் துரு பிடிக்காதுங்கறது வாஸ்தவம், அந்த மெல்லிசு முலாம் சாதாரண விலை கேபிள்லயே இருக்கும்.

கேள்வி: எங்க வீடு கடல்கிட்ட. கம்ப்யூட்டர் ஸ்பீக்கர்ல வால்யூம் திருகினா கரகரங்குது, ஜாக்க லேசா ஆட்டினா ஒரு பக்கம் கேக்கவே மாட்டேங்குது. இதுக்கும் ஃபில்டர் வேணுமா?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: உங்களுக்குத்தான் நிஜமாவே சுத்தம் பண்ற வேலை இருக்கு. உப்புக் காத்து பட்டு காண்டாக்ட் கறுத்துப்போயிருக்கும். கரண்ட நிறுத்திட்டு, ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல பஞ்சு நனைச்சு ப்ளக்க நல்லா துடைங்க, பஞ்சுல கறுப்பா ஒட்டறது நிக்கற வரைக்கும் துடைக்கணும். அப்புறம் அந்த ஈரத்தோட ஜாக்குல பத்து தடவை சொருகி எடுங்க, உள்ள இருக்கறதும் உரசி சுத்தமாகும். வால்யூமுக்கு எலக்ட்ரானிக்ஸ் கடையில காண்டாக்ட் கிளீனர்னு கேட்டு வாங்குங்க, கீல் கிறீச்சிட்டா அடிக்கற சாதாரண டபிள்யூடி-40 வேண்டாம், அது எண்ணெய்ப் படலத்த விட்டுட்டுப் போயி தூசியப் பிடிச்சு வெச்சுக்கும். மூடியக் கழட்டி, வால்யூம் கன்ட்ரோல் பின்பக்கம் இருக்கற சந்துல ஒரு பீச்சு, அப்புறம் குமிழ இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இருபது முப்பது தடவை திருகி, நல்லா காஞ்சதுக்கப்புறம் கரண்ட் போடுங்க. அப்பவும் கரகரன்னா உள்ள கார்பன் தேஞ்சிருக்கு, பழச எடுத்துட்டுப் போயி அது மேல போட்டிருக்கற நம்பரக் காட்டி அதே மாதிரி புதுசு கேளுங்க, விலை ரொம்பக் கம்மிதான், பத்தவைக்கத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருந்தா கொஞ்ச நேரத்து வேலை.