பின்னணி இசை இசைத்தட்டாக வருமா?

கேள்வி: பழைய படங்களின் பாடல்கள் மறுபடி மறுபடி வெளியாகின்றன, பின்னணி இசை மட்டும் ஏன் வருவதில்லை?
— வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: நிமிடத்துக்கு 78 முறை சுழலும் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 3 நிமிடமே அடங்கியதால் பாடல்களே விற்பனைக்கு வந்தன, பின்னணி இசையோ வசனத்தோடும் ஓசைகளோடும் கலந்து படச்சுருளின் ஒலித்தடத்திலேயே தங்கிவிட்டது. கலப்பதற்கு முந்தைய இசை நாடா எங்கேனும் பிழைத்திருந்தால்தான் நீங்கள் விரும்பும் தரத்தில் மறுபதிப்பு அமையும். அசிட்டேட் என்னும் பழைய வகை பிளாஸ்டிக்கால் ஆன நாடாக்கள் நம் வடசென்னைக் கடற்காற்றின் வெப்பத்திலும் ஈரத்திலும் புளித்த வாடையுடன் சுருங்கிப்போகும் என்பதால், இந்தத் தேடலை இனியும் தள்ளிப்போடக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. மூர் மார்க்கெட் பழைய பொருள் கடைகளில் அத்தகைய நாடா கிடைத்தால், ஓட்டிப் பார்க்காமல், டிஜிட்டலாக மாற்றத் தெரிந்த ஒலிப்பொறியாளரிடம் முதலில் கொடுங்கள்.