ஸ்மார்ட் கேமரா வீட்டுக்குப் பாதுகாப்பா?

வீட்டில் ஸ்மார்ட் கேமரா பொருத்தலாமா, யாராவது ஹேக் செய்துவிட மாட்டார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். பொருத்தலாம். வெளியூரில் இருந்தாலும் வாசலில் யார் நிற்கிறார்கள் என்று போனிலேயே பார்க்கலாம். ஏதாவது நடந்துவிட்டால் பதிவு கையில் இருக்கும்.

ஆனால் உங்கள் பயம் நியாயமானதுதான். 2016-இல் மிராய் என்ற வைரஸ் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்துக்கொண்டது. பெரிய வித்தை எதுவும் இல்லை. கம்பெனி வைத்து அனுப்பிய பாஸ்வேர்டு மாற்றப்படாமலே இருந்தது, அவ்வளவுதான். அதனால் பெட்டியைப் பிரித்ததும் முதல் வேலை பாஸ்வேர்டை மாற்றுவது. அப்புறம் ஓடிபி கேட்கும் வசதியை ஆன் செய்யுங்கள், அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது, பதிவுகள் கம்பெனியின் சர்வருக்குப் போவதுதான். வீட்டுக் கேமரா விற்கும் ரிங் நிறுவனத்தின் ஊழியர்கள் வாடிக்கையாளர்களின் அந்தரங்க வீடியோக்களைப் பார்த்தார்கள் என்று அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2023-இல் குற்றம்சாட்டியது. 58 லட்சம் டாலருக்கு அந்த வழக்கு முடிந்தது. ஆகவே படுக்கையறையில் கேமரா வேண்டவே வேண்டாம். வாசலுக்கும், மெமரி கார்டிலேயே பதிவாகும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

கரண்டோ வைஃபையோ போனால் பல கேமராக்கள் பயன்படாது. அதனால் கேமராவை மட்டும் நம்பி, கதவில் இருக்கும் பழைய பூட்டைக் கழற்றிவிடாதீர்கள்.