டொரொன்டோவிலிருந்து வரும் டேர்ன்டேபிள் கல்லடியில் சரியாகச் சுற்றுமா?

கேள்வி: மட்டக்களப்பு கல்லடியில் இருக்கிறோம். அப்பா சேர்த்து வைத்த எல்.பி. இசைத்தட்டுகளும் 45 தட்டுகளும் நிறைய இருக்கின்றன, 78 தட்டுகளும் கொஞ்சம். தரமான டேர்ன்டேபிள் ஒன்று வாங்க மகன் காசு தருகிறான். டொரொன்டோவில் இருக்கும் மைத்துனர் தான் பாவித்த லின் எல்.பி.12ஐக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். புதிதாக எடுப்பதென்றால் டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200ஜி.ஆர். அல்லது ரீகா பிளேனர் 3 என்று நினைத்திருக்கிறோம். எது நல்லது? ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்பதால் சீக்கிரம் பழுதாகிவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது. எங்கள் அம்ப்ளிபயரில் டேர்ன்டேபிளைச் செருகும் ஃபோனோ இணைப்பு இல்லை.

பதில்: டெக்னிக்ஸை எடுங்கள். மூன்றுமே நல்ல மெசின்கள்தான். ஆனால் உங்கள் வீட்டில் எது நன்றாகப் பாடும் என்பதைத் தீர்மானிக்கப் போவது ஒலித்தரத்தைவிட மின்சாரமும் உப்புக் காற்றும், பழுது பார்க்க ஆள் கிடைப்பதுமே.

முதலில் டொரொன்டோ விஷயம். கனடாவில் மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இலங்கையில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வோல்ட் வித்தியாசத்தை ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்போமர் சரிசெய்துவிடும், ஹெர்ட்ஸை அதனால் மாற்ற முடியாது. பெல்ட் போட்ட பழைய டேர்ன்டேபிள்களில் பெரும்பாலானவை ஏ.சி. சிங்க்ரனஸ் மோட்டாரில் ஓடுகின்றன. அந்த மோட்டாரின் வேகம் ஹெர்ட்ஸை அப்படியே பின்பற்றும். 60 ஹெர்ட்ஸுக்கென்று செய்ததை இங்கே செருகினால் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுக்குப் பதில் 27.8 சுற்றுத்தான் வரும். சுருதி ஏறக்குறைய மூன்று அரைச்சுரம் இறங்கிவிடும்: இரண்டரைக் கட்டையில் பாடிய பாட்டு ஒரு கட்டையில் கேட்கும். டிரான்ஸ்போமர் போட்டும் பாட்டு இழுக்கிறது என்று பலர் மோட்டாரைக் குறை சொல்வது இதனால்தான். மோட்டாரில் பழுதே இல்லை. 50 ஹெர்ட்ஸுக்குரிய, விட்டம் ஐந்தில் ஒரு பங்கு பெரிதான, பெல்ட் ஓடும் கப்பியை மோட்டார் தண்டில் மாற்ற வேண்டும்.

ஆகவே மைத்துனரிடம் விலை கேட்பதற்கு முன் மோட்டாருக்கு எதிலிருந்து மின்சாரம் போகிறது என்று கேளுங்கள். எல்.பி.12 எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து இன்றுவரை செய்யப்படும் மெசின். ஆரம்பகாலத்தவை நேரடியாகச் சுவர் மின்சாரத்தில் ஓடின. 1982இல் வந்த வால்ஹல்லா என்ற சர்க்யூட் உள்ளே இருந்தாலோ, பின்னர் வந்த லிங்கோ என்ற மின்வழங்கி இருந்தாலோ அது குவார்ட்ஸ் படிகத்தின் துணையுடன் தானே ஹெர்ட்ஸை உண்டாக்கிக்கொள்ளும், வோல்ட்டை மட்டும் கவனித்தால் போதும். இவை எதுவும் இல்லையென்றால் கப்பிச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

மின்சாரம் பொருந்தினாலும் எல்.பி.12ஐ உங்களுக்குச் சொல்லத் தயக்கமாகவே இருக்கிறது. இசைத்தட்டு வைத்துச் சுற்றும் பிளேட்டரும், ஊசியைத் தாங்கும் கையான டோன்ஆர்மும் அதில் மூன்று ஸ்பிரிங்குகளில் தொங்குகின்றன. அழுத்தி விட்டால் பக்கவாட்டில் ஆடாமல் நேராக மேலும் கீழும் மட்டும் குதிக்கும்படி அந்த மூன்றையும் அமைக்க வேண்டும். அதற்குக் கைபழகிய ஆள் தேவை. பயணத்தில் பேரிங் எண்ணெய் சிந்தும், வந்து சேர்ந்தபின் திரும்ப ஊற்றி எல்லாவற்றையும் புதிதாக அமைக்க வேண்டும். கைபழகிய ஒருவர் பக்கத்தில் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். கொழும்புக்குத் தூக்கிக்கொண்டு போய் அமைத்துவிட்டு மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் அது மறுபடி குலைந்துவிடும்.

ரீகா பிளேனர் 3 எளிமையான, நேர்மையான மெசின். ஸ்பிரிங் கிடையாது. ஆனால் 33இலிருந்து 45க்கு மாற ஒவ்வொரு முறையும் பிளேட்டரைத் தூக்கி பெல்ட்டைக் கையால் நகர்த்த வேண்டும். 45 தட்டுகள் நிறைய வைத்திருக்கும் வீட்டில் இது ஒரு மாதத்தில் சலித்துவிடும். 78 வேகமும் அதில் இல்லை. நம் வெக்கையில் ரப்பர் பெல்ட் சீக்கிரம் தளரும், எனவே உபரி பெல்ட் ஒன்றைச் சேர்த்தே வாங்கி வைக்க வேண்டும். வாங்குவதென்றால் லண்டனிலிருந்து எடுப்பிக்கவும், அங்கேயும் நம்முடைய 50 ஹெர்ட்ஸ்தான்.

டெக்னிக்ஸ் ஜி.ஆர். பெல்ட் இல்லாமல் மோட்டாரே பிளேட்டரைச் சுற்றும் டைரக்ட் டிரைவ். வேகத்தைக் குவார்ட்ஸ் தீர்மானிப்பதால் ஊர் ஹெர்ட்ஸ் அதைப் பாதிக்காது. மாலையில் வோல்ட் இறங்கினாலும், சின்ன ஜெனரேட்டரில் ஹெர்ட்ஸ் ஏறி இறங்கினாலும் சுருதி அசையாது. 33, 45, 78 மூன்று வேகமும் உண்டு. கொண்டுவருபவர் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் பின்பக்க லேபிளில் வோல்ட் அளவை வாசித்து வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொல்லுங்கள். 120 மட்டும் என்றிருந்தால் இந்த மெசினுக்கு டிரான்ஸ்போமர் மட்டுமே போதும். எடை 11.5 கிலோ என்பதால் பஸ்ஸில் மேல்தட்டில் வைக்கிற சாமானல்ல. பிளேட்டரைக் கழற்றித் தனியாகச் சுற்றி, டோன்ஆர்மைக் கிளிப்பில் பூட்டி, ஆர்மின் பின்முனையில் இருக்கும் பின்பாரத்தையும் முன்முனையில் ஊசி உள்ள கார்ட்ரிட்ஜையும் எடுத்துவிட்டுத்தான் பெட்டி கட்ட வேண்டும். பிளேட்டரை உள்ளே வைத்தபடி அனுப்பிய டைரக்ட் டிரைவ் மெசினில் பேரிங் தண்டு வளைந்து போவது வழக்கமான சேதம்.

மெசினோடு சேர்த்து இரண்டு பொருளுக்குக் காசு ஒதுக்குங்கள்: கார்ட்ரிட்ஜ், அதன் மெல்லிய சிக்னலை அம்ப்ளிபயருக்கு ஏற்றபடி பெரிதாக்கும் ஃபோனோ பிரீ-அம்ப். கார்ட்ரிட்ஜில், ஊசியோடு காந்தம் அசையும் மூவிங் மேக்னட் வகையே உங்களுக்கு ஏற்றது. கம்பிச்சுருள் அசையும் மூவிங் காயில் வகை இன்னும் நுணுக்கமாகப் பாடும் என்பது உண்மை. ஆனால் டெனொன் டி.எல்.-103 போன்றவற்றில் ஊசி தேய்ந்தால் முழுக் கார்ட்ரிட்ஜையும் வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். அது தரும் 0.3 மில்லிவோல்ட்டைப் பெரிதாக்க விலை கூடிய பிரீ-அம்ப்பும் வேண்டும். ஓர்ட்டோஃபோன் 2எம் புளூ 5.5 மில்லிவோல்ட் தரும், ஊசி தேய்ந்தால் கையாலேயே இழுத்துவிட்டுப் புதியதைச் செருகலாம். ஊசியின் ஆயுளை 1000 மணி நேரம் என்று வைத்தால் 40 நிமிட எல்.பி. 1500 தடவை போடலாம். அழுக்குத் தட்டுகளைப் போட்டால் அதில் பாதிகூடத் தேறாது. பிரீ-அம்ப்பில் பார்க்க வேண்டியது 47 கிலோஓம் உள்ளீட்டுத் தடை, சுமார் 40 டெசிபல் பெருக்கம். மின்கொள்ளளவு கேபிளும் பிரீ-அம்ப்பும் சேர்ந்து 150 முதல் 300 பைக்கோஃபராட் வரை வரலாம். அதற்கு மேல் போனால் உச்சஸ்தாயி முதலில் கூச்சலாகி, பின்னர் மழுங்கும். விலை கூடிய வெள்ளிக் கேபிள் விற்க வருபவரிடம் இந்தப் பைக்கோஃபராட் அளவைக் கேளுங்கள். சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம்.

பூட்டும் முறை

சீமெந்துத் தரை உங்களுக்கு அதிர்ஷ்டம், நடக்கிற அதிர்வு ஊசிக்குப் போகாது. கனமான முதிரை மேசை இருந்தால் அதுவே போதும். ஸ்பீக்கர் அதே மேசையில் இருக்கக் கூடாது. ஓடாமல் நிற்கிற இசைத்தட்டில் ஊசியை இறக்கி, சத்தத்தைப் பாதிக்குக் கூட்டி, மேசையை விரலால் தட்டுங்கள். ஸ்பீக்கரில் மெல்லிய 'தொப்' வந்து உடனே அடங்கினால் சரி. ஊளையாக வளர்ந்தால் இடத்தை மாற்றுங்கள். நேர்மட்டத்தைப் பிளேட்டரின் மேல் வைத்துப் பார்த்து, நான்கு கால்களையும் திருகிச் சமப்படுத்துங்கள்.

கார்ட்ரிட்ஜைப் பூட்டும் ஆர்ம் முனையான ஹெட்ஷெல்லில் நான்கு மெல்லிய வயர்கள் இருக்கும். வெள்ளை இடதின் பிளஸ், நீலம் இடதின் எர்த், சிவப்பு வலதின் பிளஸ், பச்சை வலதின் எர்த். ஊசிக் காப்பு மூடியைப் போட்டுக்கொண்டே, நுனி மெலிந்த பிளையரால் உலோக முனையை மட்டும் பிடித்துக் கார்ட்ரிட்ஜின் பின்களில் தள்ளுங்கள். வயரைப் பிடித்துத் தள்ளினால் பற்றுவைத்த இடத்தில் அறும். இறுகவில்லையென்றால் முனையைக் கழற்றி லேசாக நசுக்கி மறுபடி செருகலாம். பின்னோடு சேர்த்துப் பற்றுவைக்கவே கூடாது, உள்ளே இருக்கும் காயில் சூட்டில் போய்விடும்.

இனி தூரம். டெக்னிக்ஸ் ஆர்மில் ஹெட்ஷெல்லின் ரப்பர் வளையத்திலிருந்து ஊசி நுனிவரை 52 மில்லிமீட்டர். கார்ட்ரிட்ஜை முன்பின் நகர்த்தி இதற்கு வைத்து, ஹெட்ஷெல்லின் ஓரத்துக்கு நேராகப் பார்த்துத் திருகை இறுக்குங்கள். ஒரு மில்லிமீட்டர் தவறினால் தட்டின் கடைசிப் பாட்டில் 'ச' எழுத்து கரகரக்கும்.

அடுத்தது பாரம். ஆர்ம் தட்டின் நடுவை நோக்கி இழுபடுவதைச் சமன்செய்யும் ஆன்டி-ஸ்கேட்டைச் சுழியத்தில் வையுங்கள். ஆர்ம் துலாக்கோல் மாதிரி காற்றில் சமமாக மிதக்கும்வரை பின்பாரத்தைத் திருகுங்கள். பின்பாரத்தை அசைக்காமல் எண் வளையத்தை மட்டும் 0க்குக் கொண்டுவந்து, பிறகு இரண்டையும் சேர்த்து 1.8க்குத் திருப்புங்கள். 2எம் புளூவுக்கு 1.8 கிராம். ஆன்டி-ஸ்கேட்டும் 1.8. டிஜிட்டல் ஊசித் தராசு ஒன்று மலிவாகக் கிடைக்கும், வாங்கிச் சரிபாருங்கள். தராசின் தட்டு இசைத்தட்டின் உயரத்திலேயே இருக்க வேண்டும், இரும்பு கலந்ததாகவும் இருக்கக் கூடாது. இரும்பைக் கார்ட்ரிட்ஜின் காந்தம் இழுத்துப் பாரத்தைக் கூட்டிக் காட்டும். பாரம் குறைந்தால் இசைத்தட்டுக்கு நல்லது என்று 1.2 கிராமில் ஓட்டுபவர்கள் உண்டு. லேசான ஊசி பள்ளத்துக்குள் துள்ளிச் சுவரைக் கொத்தும். தட்டைக் கெடுப்பது அதுதான். கடைசியாக, ஊசி தட்டில் இருக்கும்போது ஆர்ம் தட்டுக்குச் சமாந்தரமாக இருக்கும்படி அடிவளையத்தைத் திருகி உயரம் வையுங்கள்.

'ம்ம்' என்று இரைந்தால்

முதல் நாளே கேட்கக்கூடியது இந்த இரைச்சல். ஊசியைத் தூக்கி வைத்து, வழக்கமான சத்தத்தில் கேளுங்கள். ஆர்மின் உலோகத்தைத் தொட்டதும் இரைச்சல் மாறினால் எர்த் வயர் பிரீ-அம்ப்பின் ஜி.என்.டி. திருகில் சரியாகப் பிடிக்கவில்லை. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் வந்தால் ஹெட்ஷெல்லின் நான்கு முனைகளில் ஒன்று தளர்ந்திருக்கிறது. தாழ்ந்த இரைச்சல் பிரீ-அம்ப்பை நகர்த்தும்போது கூடிக் குறைந்தால் பக்கத்தில் டிரான்ஸ்போமர் இருக்கிறது, ஒரு முழமாவது தள்ளி வையுங்கள். 'ஸ்ஸ்ர்ர்' என்று அரைக்கிற இரைச்சல் என்றால் சந்தேகம் மின்விசிறி ரெகுலேட்டரில். திருகு வகை எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் முழு வேகத்தில் அமைதியாகவும் நடு வேகத்தில் இரைச்சலாகவும் இருக்கும், கையோடு பிடிபட்டுவிடும். டிஷ் அன்டெனாக் கேபிள் டி.வி. வழியாக அதே அம்ப்ளிபயரில் சேர்ந்திருந்தாலும் இரையும். ஐப்பசி இடியில் மின்னல் உள்ளே வருவதும் அந்த வழியில்தான். மழை இருட்டினால் பிளக்கோடு அந்தக் கேபிளையும் கழற்றுங்கள்.

உப்புக் காற்றுக்குக் கல்லடியில் தப்ப முடியாது. கேபிளின் ஆர்.சி.ஏ. முனைகளையும் ஹெட்ஷெல் பின்களையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஐசோப்ரொப்பைல் மதுசாரம் தொட்ட பஞ்சால் துடையுங்கள். பச்சை பிடித்த பின் சுரண்டுவதில் பயனில்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணல் தூசி பெரிய தொல்லை, மூடியைப் போட்டே ஓட்டுங்கள், ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள்.

வாடைக் காலத்தில் பயப்பட வேண்டியது பூஞ்சணத்துக்கு. காற்றின் ஈரம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் அது பிடிக்கும். அலுமாரியை வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் விலக்கி, சிலிக்கா ஜெல்லையும் சின்ன ஈரமானியையும் உள்ளே வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் வறுத்துத் திரும்பப் பாவிக்கலாம். பழைய காகித உறைகளை பொலித்தீன் உறைகளாக மாற்றுங்கள். மினுமினுக்கும் பி.வி.சி. உறை வேண்டாம், வெக்கையில் அது தட்டின் மேல் புகைபடிந்ததுபோல் ஒட்டும். தட்டுகளை நிமிர்த்தியே அடுக்குங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போனால் நெளிந்துவிடும்.

பூஞ்சணம் பிடித்த எல்.பி.யை உலர்ந்த தூரிகையால் துடைத்தால் வித்துகள் பள்ளத்துக்குள் அடையும். வடித்த நீர் 800 மில்லி லீட்டர், ஐசோப்ரொப்பைல் மதுசாரம் 200 மில்லி லீட்டர், நிறமில்லாத பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு. நடு லேபிளை நனைக்காமல் இதைப் பூசி, ஒரு நிமிடம் விட்டு, மைக்ரோஃபைபர் துணியால் பள்ளம் போகும் வழியிலேயே வட்டமாகத் துடையுங்கள். பிறகு வெறும் வடித்த நீரால் இரண்டு தடவை. கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், காய்ந்தபின் உப்புப் பள்ளத்தில் தங்கி வெடிப்புச் சத்தமாகக் கேட்கும். பற்றரிக் கடையில் வடித்த நீர் வாங்குவதென்றால் அசிட் கலக்காத போத்தல்தானா என்று பார்த்து வாங்குங்கள்.

78 தட்டுகளுக்கு இந்தக் கலவையைக் கொண்டுபோகவே வேண்டாம். அவை ஷெல்லாக், மதுசாரம் பட்டால் கரையும். வடித்த நீரில் பாத்திரத் திரவம் ஒரு சொட்டு விட்டுத் துடைத்து, ஊற விடாமல் உடனே ஒற்றி உலர்த்துங்கள். எல்.பி. ஊசியாலும் அவற்றை ஓட்டாதீர்கள். 78இன் பள்ளம் எல்.பி.யுடையதைவிட மிகவும் அகலம், சின்ன ஊசி அடியில் உரசி இரைச்சலை மட்டும் கொண்டுவரும். 65 மைக்ரோன் ஊசியுடன் 2எம் 78 என்ற கார்ட்ரிட்ஜ் இருக்கிறது, அதற்கும் பாரம் 1.8 கிராம். தனி ஹெட்ஷெல் ஒன்றில் பூட்டி வைத்தால் வேண்டியபோது கழற்றி மாற்றலாம். மாற்றும் ஒவ்வொரு முறையும் பாரத்தை மட்டும் தராசில் ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள்.