மலச்சிக்கலில் இருந்தவருக்குத் திடீர் பேதி: நிறுத்தும் மாத்திரைக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

கேள்வி: என் அப்பாவுக்கு 74 வயது. இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்த பிறகு ஆறு வாரமாகப் பெரும்பாலும் படுக்கையில்தான் இருக்கிறார். மகள் நான்தான் கூட இருந்து பார்த்துக்கொள்கிறேன். வலி மாத்திரை, இரும்புச்சத்து, கால்சியம், ரத்த அழுத்த மாத்திரை எல்லாம் எடுக்கிறார். நெஞ்செரிச்சல் பல வருடமாக உண்டு. அறுவை சிகிச்சைக்குப் பின் மலச்சிக்கல் அதிகமாகி, ஒரு வாரம் போகாமலே இருந்தார். இப்போது நான்கு நாட்களாகத் தண்ணீராகப் போகிறது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவைக்கு மேல், அவருக்கே தெரியாமல் போய்விடுகிறது. பேதியை நிறுத்தும் மாத்திரை வாங்கிக் கொடுத்தும் குறையவில்லை. தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகுமோ என்று அதையும் குறைத்துவிட்டேன். சாப்பாடும் வேண்டாம் என்கிறார். வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

பதில்: முதலில் செய்ய வேண்டியவை இரண்டு. பேதியை நிறுத்தும் அந்த மாத்திரையை இனி கொடுக்காதீர்கள். குறைத்த தண்ணீரைத் திரும்பக் கொடுக்க ஆரம்பியுங்கள். பிறகு, அப்பாவை இன்றே ஒரு டாக்டர் நேரில் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

நீங்கள் எழுதியதில் என் கண்ணில் பட்டது பேதி அல்ல, அதற்கு முந்தைய ஒரு வார மலச்சிக்கல். படுக்கையில் இருக்கும் முதியவருக்கு மலம் பல நாள் வெளியேறாவிட்டால், மலக்குடலில் அது கெட்டியாகத் திரண்டு அடைத்துக்கொள்ளும். வாய்க்காலில் பெரிய கல் அடைத்துக்கொண்டால் தண்ணீர் அதன் ஓரமாகக் கசிவது போல, மேலே இருக்கும் இளகிய மலம் அந்தக் கட்டியைச் சுற்றிக் கசிந்து வரும். பார்க்கிறவர்களுக்கு அது பேதியாகத் தெரியும். உண்மையில் மலச்சிக்கலின் முற்றிய நிலை அது. மலக்குடல் விரிந்து விரிந்து உணர்வு மங்கிவிடுவதால், வருவதே அவருக்குத் தெரியாது. "அவருக்கே தெரியாமல் போய்விடுகிறது" என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, அது இதற்குப் பொருந்துகிறது. பேதியை நிறுத்தும் மாத்திரை குடலின் அசைவைக் குறைக்கும். அடைப்பு இருக்கும்போது அதைக் கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகும்.

நேரில் பார்க்காமல் இதுதான் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. நீங்கள் கவனித்துச் சொல்லக்கூடிய சில அடையாளங்கள் உண்டு. ஒவ்வொரு தடவையும் போவது கொஞ்சம்தானா, டயப்பரில் கறை படுகிற அளவுதானா? அடிவயிற்றில், முக்கியமாக இடது பக்கம், கையை மெதுவாக வைத்தால் கட்டியாகத் தட்டுப்படுகிறதா? வயிறு உப்பியிருக்கிறதா? சிறுநீர் சரியாகப் போகாமல் முட்டிக்கொண்டு இருக்கிறதா? திரண்ட மலம் சிறுநீர்ப் பாதையையும் அழுத்தும். வழக்கத்துக்கு மாறாகக் குழம்பிப் பேசுகிறாரா? முதியவர்களுக்குச் சில சமயம் குழப்பம்தான் முதலில் தெரியும்.

டாக்டர் கையுறை போட்டு மலக்குடலை விரலால் பரிசோதித்தால் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் தெரிந்துவிடும். கட்டி இருந்தால், மலத்தை இளக்கும் மருந்து, ஆசனவாயில் வைக்கும் மாத்திரை, எனிமா ஆகியவற்றில் எது என்று அவர் முடிவு செய்வார். வீட்டில் விரலால் எடுக்க முயலாதீர்கள். உள்தோல் கிழியலாம், இதயத் துடிப்பு திடீரென்று குறையவும் செய்யலாம். கடையில் கிடைக்கும் எனிமாவையும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம். பாஸ்பேட் கலந்த எனிமா, சிறுநீரகம் தளர்ந்த முதியவருக்கு ஆபத்தாகலாம். அடைப்பு விலகிய பிறகு ஓரிரு நாள் நிறையப் போகும். அது எதிர்பார்த்ததுதான், பயப்பட வேண்டாம்.

இன்னொரு சாத்தியமும் இருக்கிறது. அறுவை சிகிச்சையின்போதோ அதன் பிறகோ ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால், குடலில் உள்ள நல்ல கிருமிகள் குறைந்து, க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமி பெருகி நிஜமான பேதியே வரலாம். கடந்த மூன்று மாதத்தில் எந்த ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள். காய்ச்சல், வயிற்றுவலி, மலத்தில் ரத்தம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். இந்தக் கிருமி என்றாலும் பேதியை நிறுத்தும் மாத்திரையை நாமாகக் கொடுக்கக் கூடாது.

இனி தண்ணீர். குடித்தால் அதிகமாகப் போகும் என்ற பயம் பல வீடுகளில் இருக்கிறது, உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் முதியவர்களை வீழ்த்துவது பெரும்பாலும் பேதியைவிட நீர் வற்றுவதுதான். வயதானால் தாகம் எடுப்பதே குறைந்துவிடும். "வேண்டாம்" என்று அவர் சொல்வதை வைத்து உடம்புக்குத் தேவையில்லை என்று எண்ணக் கூடாது. நாக்கு உலர்ந்திருக்கிறதா, சிறுநீர் குறைந்து அடர் மஞ்சளாக இருக்கிறதா, உட்கார வைத்தால் தலை சுற்றுகிறதா என்று பாருங்கள். தோலைக் கிள்ளிப் பார்க்கும் சோதனை இந்த வயதில் நம்பத்தக்கது அல்ல. தோல் எப்படியும் தளர்ந்துதான் இருக்கும்.

நீர் வற்றாமல் இருக்கக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைத் தூளான ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுதாகக் கலக்க வேண்டும். பாதிப் பாக்கெட்டைக் கண்ணளவில் பிரித்துக் கலந்தால் உப்பின் அளவு மாறிவிடும். கலந்ததை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட்டு மீதியைக் கொட்டிவிடுங்கள். அதில் சர்க்கரை இருப்பது ருசிக்காக அல்ல. குளுக்கோஸ் குடல் சுவரைக் கடக்கும்போது உப்பையும் கூடவே இழுத்துச் செல்லும், உப்பின் பின்னால் தண்ணீர் போகும். பேதி நடக்கும்போதும் குடலின் இந்த வேலை நிற்பதில்லை. பாக்கெட் கிடைக்காவிட்டால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு மட்ட டீஸ்பூன் சர்க்கரையும் அரை மட்ட டீஸ்பூன் உப்பும் கலக்கலாம். உப்பு கூடிவிடக் கூடாது, அளவில் கவனமாக இருங்கள்.

நிஜமான பேதியில் ஒவ்வொரு முறை போன பிறகும் ஒரு டம்ளர் கொடுக்கச் சொல்வோம். உங்கள் அப்பாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவதாக இருந்தால் அந்தக் கணக்கு பொருந்தாது. டாக்டர் பார்க்கும்வரை சில நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு வாய் கொடுங்கள். நான்கைந்து மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது வெளிர்நிறச் சிறுநீர் போகிறதா என்பதை வைத்து அளவைத் தீர்மானியுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, ஸ்பூனால் திரும்ப ஆரம்பியுங்கள். இதயம் பலவீனம், சிறுநீரகக் கோளாறு என்று முன்பே சொல்லியிருந்தால் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ரத்த அழுத்த மாத்திரையைப் பற்றியும் இன்றே கேளுங்கள். சிறுநீரை அதிகமாகப் போகவைக்கும் மாத்திரைகளும் வேறு சில ரத்த அழுத்த மாத்திரைகளும், உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். அதனால் சில நாள் நிறுத்திவைக்கச் சொல்வார்கள். அதை நீங்களாக முடிவு செய்ய வேண்டாம்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள் என்று நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன். நேரம், எவ்வளவு போனது, எப்படி இருந்தது, என்ன நிறம், என்ன சாப்பிட்டார், எவ்வளவு சிறுநீர், இவ்வளவு போதும். மலத்தின் வடிவத்தைச் சொல்ல பிரிஸ்டல் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது, 1997-ல் வெளிவந்தது. ஏழு வகை. கொட்டை கொட்டையாகத் தனித்தனியாக வந்தால் 1, முடிச்சு முடிச்சாகச் சேர்ந்து வந்தால் 2, 3-ம் 4-ம் இயல்பு, குழைந்து போனால் 6, வெறும் தண்ணீர் என்றால் 7. "1, 1, ஏழு நாள் ஒன்றுமில்லை, அப்புறம் 7, 7, 7" என்று ஒரு பக்கத்தில் எழுதியிருந்தால், அதைப் பார்க்கும் எந்த டாக்டருக்கும் முதலில் அடைப்புதான் நினைவுக்கு வரும். அந்த ஒரு பக்கம் ஸ்கேனைவிட உதவும் சமயம் உண்டு.

நிறத்தையும் ஒழுங்காகக் குறியுங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் மலம் கரும்பச்சையாக, கறுப்பாகத்தான் வரும். தார் போலப் பளபளத்து, பிசுபிசுவென்று ஒட்டி, வழக்கமில்லாத கடும் நாற்றத்தோடு வந்தால் அது இரைப்பையில் ரத்தம் கசிவதன் அடையாளமாக இருக்கலாம். நெஞ்செரிச்சல் உள்ளவர் வலி மாத்திரையும் எடுப்பதால் இதை லேசாக விட முடியாது. அட்டையில் பெயரைப் பாருங்கள். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வகை என்றால் இரைப்பையைப் புண்ணாக்கும். ட்ரமடால், கோடீன் வகை என்றால் குடலைக் கட்டும். இவ்வகை மருந்து தொடங்கும் நாளிலேயே மலமிளக்கியும் சேர்த்துத் தொடங்குவதுதான் முறை.

நாளுக்குப் பத்துத் தடவை ஈரம் படும் தோல் சீக்கிரம் புண்ணாகும். மலத்தில் உள்ள செரிமான நொதிகள் தோலையும் அரிக்கும். டயப்பரை நேரம் பார்த்து மாற்றாமல், ஈரமானதும் மாற்றுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் மெல்லிய துணியை நனைத்து முன்னிருந்து பின்னாகத் துடையுங்கள். தேய்க்காமல் ஒற்றி எடுங்கள், மடிப்புகளில் ஈரம் தங்கக் கூடாது. பிறகு வாசலினோ துத்தநாகக் களிம்போ மெல்லிசாகப் பூசுங்கள். அடுத்த தடவை பழைய களிம்பு முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டாம், அழுக்கான மேற்பகுதியை மட்டும் துடைத்தால் போதும். பவுடர் வேண்டாம், அது ஈரத்தில் கட்டியாகி உறுத்தும். ஒவ்வொரு முறையும் முதுகுத்தண்டின் அடிப்பகுதியைப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் ஒரு கணம் வெளுக்க வேண்டும். வெளுக்காவிட்டால் அது படுக்கைப்புண்ணின் ஆரம்பம். சிவப்பு தெரியாத கருத்த தோலில், அந்த இடம் மட்டும் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். காலை எப்படி வைக்கலாம் என்று எலும்பு டாக்டர் சொன்னதை மீறாமல் செய்யுங்கள்.

உங்கள் கைகளுக்குச் சோப்பும் தண்ணீரும்தான். நான் முன்பு சொன்ன க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் கிருமியின் வித்துகளை சானிடைசர் கொல்லாது.

அடைப்பு சரியான பிறகு அது திரும்ப வராமல் பார்ப்பதுதான் பெரிய வேலை. காலைச் சாப்பாட்டுக்குப் பின் பெருங்குடல் தானாகவே அசையத் தொடங்கும். அடுத்த அரை மணிக்குள் உட்கார வைத்துப் பழக்குங்கள். படுத்தபடி பெட்பேனில் போவது யாருக்கும் கஷ்டம். அனுமதி இருந்தால் கட்டில் பக்கத்தில் கமோடு நாற்காலி போடுங்கள். காலுக்குக் கீழே முக்காலி வைத்து முழங்காலை உயர்த்தினால் சுலபமாக வரும் என்று எல்லோருக்கும் சொல்வோம். உங்கள் அப்பாவுக்கு மட்டும் கேட்காமல் செய்யாதீர்கள். சில இடுப்பு அறுவை சிகிச்சைகளுக்குப் பின் இடுப்பை அவ்வளவு மடக்கக் கூடாது. நார்ச்சத்துப் பொடியையும் அவசரப்பட்டுத் தொடங்க வேண்டாம். அசைவும் தண்ணீரும் குறைவாக உள்ளவருக்கு அதுவே போய்க் கட்டிக்கொள்ளும். லாக்டுலோஸ் போன்ற மலமிளக்கி மருந்து வேலை செய்ய இரண்டு நாள் கூட ஆகலாம். முதல் நாளே போகவில்லை என்று அளவைக் கூட்டாதீர்கள். இரும்புச்சத்தையும் கால்சியத்தையும் சேர்த்துக் கொடுக்காமல் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். குடலைக் கட்டும் பட்டியலில் இரண்டுமே உண்டு. இப்போதும் இரண்டும் தேவையா என்று டாக்டரைக் கேட்கலாம்.

நெஞ்செரிச்சலுக்குத் தலையணைகளை அடுக்காதீர்கள். கழுத்து மட்டும் மடங்கி வயிறு அழுந்தும், அமிலம் மேலே வரும். கட்டிலின் தலைப்பக்கத்துக் கால்களுக்கு அடியில் கட்டை கொடுத்து 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். அவர் கீழே சரிந்து முதுகுத்தோல் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரமாவது படுக்க வைக்க வேண்டாம். பான்டோப்ரசோல் மாதிரி மாத்திரை என்றால் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் கொடுங்கள்.

காற்றுக்கூடப் பிரியாமல் வயிறு உப்பி வாந்தி எடுப்பது, வாந்தி பச்சையாகவோ காப்பித் தூள் போலவோ ரத்தமாகவோ வருவது, தார் போன்ற மலம், விடாத வயிற்றுவலி, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, எழுப்பினாலும் சரியாக விழிக்காத மயக்கம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அப்பா சாப்பிட மறுப்பதைக் கடைசியாக எழுதியிருந்தீர்கள். அடைப்பு இருந்தால் பசி இருக்காது, அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தையும் யோசியுங்கள். மகள் தன்னைக் கழுவிவிட வேண்டியிருக்கிறதே என்ற கூச்சத்தில், சாப்பாட்டைக் குறைத்தால் போவது குறையும் என்று எண்ணும் அப்பாக்கள் நிறைய. கேட்டால் சொல்ல மாட்டார். கழுவும்போது கதவைச் சாத்துங்கள், தேவையான இடத்தை மட்டும் திறந்து மற்றதைத் துணியால் மூடுங்கள், அவர் கைக்கு எட்டும் வேலையை அவரையே செய்யவிடுங்கள். வீட்டில் ஓர் ஆண் உதவிக்கு இருந்தால் அவரைச் சில வேளை செய்யச் சொல்லுங்கள். மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரித்து, நிமிர்த்தி உட்கார வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். அறுவை சிகிச்சைக் காயம் ஆற அவருக்குப் புரதம் வேண்டும், பட்டினி ஆகாது.

டாக்டரிடம் போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பேதியை நிறுத்தும் மாத்திரை எத்தனை கொடுத்தீர்கள், கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.